லாரியில் வந்த புதுத் தண்ணீர்

திருப்பூரில் மீன்துறை வேலை என்று நியமன உத்தரவு வந்ததும் உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் முகமும் அப்படித்தான் போனது. தூத்துக்குடிப் பக்கம் கடலைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடலே இல்லாத ஊருக்கு மீன்துறை எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள். இங்கே வந்த பிறகு ஊரே சிரித்தது. காதர்பேட்டையில் ஒரு கடையில் பனியன் எடுத்துக்கொண்டிருந்தபோது, எந்த டிபார்ட்மென்ட் என்று கடைக்காரர் விசாரித்தார். சொன்னேன். பனியனை மடித்துக்கொண்டே, டிரான்ஸ்பருக்கு எழுதிப் போட்டாச்சுங்களா என்று அக்கறையாகக் கேட்டார்.

எழுதிப் போட்டுத்தான் இருந்தேன். கிடைக்கவில்லை. பணி ஓய்வு பெற்றுவிட்ட தைரியத்தில் இப்போது துறைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எந்த மீன்குஞ்சை எப்போது விட வேண்டும், எந்த நோய்க்கு என்ன மருந்து என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். பயிற்சியில் தூங்கியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் தூங்கியிருந்தால் நான் பொறுப்பில்லை. நான் சொல்லப்போவது ஒரு குளத்தைப் பற்றி, ஒரு கோடையைப் பற்றி.

அதற்கு முன்னால் எனக்கு முதலில் வாய்த்த ஆய்வாளரைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகம் பேசாத மனிதர். முதல் நாளே குளத்தங்கரையில் நான் படித்ததையெல்லாம் கொட்ட ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். குளத்தங்கரையில் வாயைத் திறப்பது மீனின் வேலை, நம் வேலை பார்ப்பது என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். தண்ணீரில் காற்று குறைந்து மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே வருவதை நேரில் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை.

குளம் சேவூரைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. பெயர் வேண்டாம், அவர்கள் கூச்சப்படுவார்கள். ஆற்றுத் தண்ணீரும் இல்லை, வாய்க்காலும் இல்லை. மழை பெய்தால் அது குளம், பெய்யாவிட்டால் கிரிக்கெட் மைதானம். அதைக் குத்தகைக்கு எடுத்துப் பரிசலும் வலையுமாகப் பிழைக்கும் சில குடும்பங்கள் ஒரு சங்கமாக இருந்தன. முன்பெல்லாம் கோடை மழை ஒரு தடவையாவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். ஆடியில் அடுத்தது வரும். நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் அந்த ஒழுங்கு போய்விட்டது. மாசியிலேயே வெயில் வைகாசி மாதிரி அடித்தது. மழை வராமல் வராமல் இருந்து, வருகிற அன்று மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போனது.

ஊரில் படகு வைத்திருக்கிற என் தம்பி போனில் இதையே வேறு மாதிரி சொல்வான். காற்று பழைய நேரத்துக்கு வருவதில்லை, மீன் பழைய இடத்தில் இல்லை, இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது என்பான். அவன் மீனுக்காவது ஒதுங்கிப் போக ஒரு கடல் இருக்கிறது. குளத்து மீன் எங்கே போகும்?

சங்கத்துக் குடும்பத்தினர் கோடையில் பனியன் கம்பெனிக்குப் போவார்கள், தண்ணீர் வந்தால் குளத்துக்கு வருவார்கள். மீனவர்கள் தொழிலைக் கைவிட்டுவிட்டார்கள் என்று இதைப் பற்றி நம் ஆட்களே அறிக்கை எழுதியிருக்கிறார்கள். ஏசி அறையில் உட்கார்ந்தால் அப்படித்தான் தெரியும். கம்பெனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டதால்தான் மறு கையால் குளத்தைப் பிடித்திருக்க முடிந்தது. நீங்கள் அறிக்கை எழுதும்போது இரண்டு கையையும் எழுதுங்கள்.

சங்கத் தலைவி ராசாத்தி. அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் கண் கண்டுபிடித்துவிடும். சங்கத்துக்காக நான் தயாரித்த ஒரு திட்டத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். முழுக்கப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்லா இருக்குதுங்க மேடம், ரிஜெக்சன் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி என்றாள்.

அவள் மாமனார் மாரப்பன். அந்தச் சங்கத்தில் கம்பெனி வாசலை மிதிக்காத ஒரே ஆள் அவர்தான். ஒரே ஒரு வாரம் மிதித்தார் என்று ராசாத்தி திருத்துவாள். மேலே ஃபேன் சுற்றுகிறது, கீழே மெஷின் சுற்றுகிறது, நடுவில் நான் எதற்குச் சுற்ற வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் அவர். சங்கத்தின் பெரிய இழுவலை அவர் வீட்டு ஆசாரத்தில், அதுதான் முன்கூடத்தில், சுருட்டிக் கிடக்கும். அவர் சொல்லாமல் யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

அவர் சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. கரைமேல் வேப்பமரத்தடியில் கன்னிமார், வரிசையாக நட்ட ஏழு கல். குளத்துக்குப் புதுத் தண்ணீர் வந்து, அதில் முதல் குடத்தைக் கன்னிமாருக்கு ஊற்றிக் கும்பிட்ட பிறகுதான் பெரிய வலை குளத்தில் இறங்கும். அதுவரைக்கும் ஆளுக்கொரு சின்ன வலையில் குழம்புக்கு வேண்டியதைப் பிடித்துக்கொள்வதோடு சரி. மழை சொன்ன பேச்சைக் கேட்ட காலத்தில் இந்த முறையால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

நான் சொல்கிற கோடைக்கு முந்தின வருடம் புதுத் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். குளம் சுருங்கிக்கொண்டே வந்து ஒரு விடியற்காலையில் மீன் மொத்தமும் செத்து மிதந்தது. அதன் பிறகு மழை வந்தது. குளம் நிறையத் தண்ணீர், உள்ளே ஒரு மீன் இல்லை. மாரப்பன் அந்த மழையில் கரைமேல் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அந்த வருடமே பாதிப் பேர் குத்தகையை விட்டுவிடலாம் என்றார்கள். மறுபடி குஞ்சு விட்டு இன்னொரு கோடை பார்ப்போம், அதுவும் போனால் விட்டுவிடலாம் என்று ராசாத்திதான் பேசி நிறுத்தி வைத்தாள். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அவளைக் கேட்டேன்.

"எங்களுக்குக் கம்பெனி இருக்குதுங்க மேடம். மாமனுக்கு இந்தக் கொளத்த விட்டா என்னங்க இருக்குது?"

அந்த இன்னொரு கோடை வந்தது. ஒருநாள் விடிவதற்கு முன் ராசாத்தி போன் செய்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "மேடம், வாயத் தொறக்குதுங்க" என்றாள். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அரை வெளிச்சம். குளம் சுருங்கி நடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அதன் மேல்பரப்பு முழுக்க வட்ட வட்டமாக வாய்கள். சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நீங்கள் ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு பயிற்சியில் தூங்க மாட்டீர்கள். வெயில் ஏறி, ராத்திரி குறைந்த காற்று தண்ணீரில் மறுபடி சேர்ந்ததும் மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்விட்டன. அன்றைக்குத் தப்பித்துவிட்டன, அவ்வளவுதான். அடுத்த விடியலை அத்தனை மீனும் தாண்டாது.

செய்ய வேண்டியதில் குழப்பமே இல்லை. பாதி மீனை அன்றே எடுத்துவிட்டால் மீதிப் பாதிக்கு மூச்சுவிடத் தண்ணீர் போதும். அதற்குப் பெரிய வலை வேண்டும். மாரப்பன் முடியாது என்று தலையை ஆட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. அறிவியல், சட்டம், சங்க விதி எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அப்போதுதான் என் பழைய ஆய்வாளர் ஞாபகத்துக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டு கன்னிமார் கல்லுக்குப் பக்கத்தில் மாரப்பனோடு உட்கார்ந்தேன். மருமகள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவரே பேச ஆரம்பித்தார்.

"எந்தம்பி இந்தக் கொளத்துலதானுங்க அம்மிணி போனான். புதுத் தண்ணி வர்றதுக்கு முன்னாலயே வலைய எறக்கிட்டோம். நடுச் சேத்துல காலு மாட்டிக்கிச்சு. வலையோட இந்த முனையப் புடிச்சிருந்தது நானுங்க."

இத்தனை வருடம் அந்தக் கரைக்குப் போய் வந்திருக்கிறேன், யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. தண்ணீர் குறைந்த குளத்தின் நடுச்சேறு ஆளை விழுங்கும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் பிடித்துக்கொண்டிருந்த முறைக்குள்ளே ஒரு பயம் இருந்தது, பயத்துக்குள்ளே நியாயம் இருந்தது. தம்பி தங்கைகளே, மூடநம்பிக்கை என்ற வார்த்தையைச் சொல்லத் தோன்றும்போது ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் டீ முடிவதற்குள் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

நியாயம் தெரிந்த பிறகு பேசுவது சுலபமாக இருந்தது. நடுவில் யாரும் இறங்க வேண்டாம், கரையோரம் சரளைத் தரை இருக்கிற பக்கம் மட்டும் இழுக்கலாம், ஆழத்துப் பக்கம் பரிசல் போகட்டும் என்றேன். அவர் மனதுக்குள் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஆகும் என்றார். ஆனால் கன்னிமாருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். அதற்குத் துறைச் சுற்றறிக்கை எதிலும் பதில் இல்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட ராசாத்தி போனில் மணியைப் பார்த்தாள். பிறகு, "புதுத் தண்ணி தானுங்க மாமா வேணும்? மானத்துல இருந்து மழையாத்தான் வரோணும்னு கன்னிமாரு சொன்னாங்களா?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தன் கம்பெனி ஹாஸ்டலுக்குத் தினமும் காலையில் தண்ணீர் லாரி வருகிறது, அதைக் குளத்துக்குத் திருப்பிவிட்டால் இந்த வருடம் குளத்துக்கு வந்த முதல் தண்ணீர் அதுதானே என்று விளக்கினாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். சிரித்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். அவர் அந்த யோசனையை மிக மரியாதையாக எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சாயத் தண்ணி கலக்காம இருக்கோணும்."

வலை இழுக்க ஆள் வேண்டும். ஆட்கள் எல்லாரும் ராசாத்தியோடு அதே கம்பெனியில் இருந்தார்கள். நானும் அவளும் ஸ்கூட்டரில் போனோம். கேட்டில் அரசு அடையாள அட்டையைக் காட்டியதும் செக்யூரிட்டி உள்ளே ஓடினார். ஓடிய வேகத்தில் செய்தி மாறிப்போயிருக்க வேண்டும். முதலாளி எழுந்து வந்து வரவேற்றார், டீ வந்தது, பின்னாலேயே மேனேஜர் ஃபைல்களோடு வந்து நின்றார். நம்முளுது வெறும் தையல் யூனிட்டுங்க மேடம், சாயமே இல்லீங்க, வேணும்னா சுத்திப் பாருங்க என்று சொல்லும்போதே முதலாளிக்கு வேர்த்துவிட்டது. என்னை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி என்று நினைத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் ஒரு நிமிடம் சபலம் தட்டியதை மறைக்க மாட்டேன். அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டிருந்தால் கேட்ட ஆட்களை வாசல் வரை வந்து வண்டி ஏற்றி அனுப்பியிருப்பார். ஆனால் அடுத்த கோடையிலும் அந்தக் கேட்டுக்குள் நாம் போக வேண்டியிருக்கும் என்று தோன்றியது. இன்னொருத்தருக்கு உரிய பயத்தை நாம் கடன் வாங்கக் கூடாது. மீன்துறை என்று சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மேனேஜர் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நல்லவேளை, டீ என் கையில் இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் முடியாது என்றார். மறுநாள் ஷிப்மென்ட், லைனில் இருந்து ஒரு ஆளைக்கூட எடுக்க முடியாது. அவர் சொன்னதும் நியாயம்தான். ஷிப்மென்டும் காத்திருக்காது, மீனும் காத்திருக்காது. எழுந்திருக்கலாமா என்று யோசித்தபோது ராசாத்தி, ஆள் இல்லைன்னாலும் லாரித் தண்ணி மட்டுமாவது கொடுங்க, கன்னிமாருக்கு ஊத்தோணும் என்று மெதுவாகக் கேட்டாள்.

முதலாளி பேனாவை மூடி வைத்தார். அவர் குடும்பமும் காடு தோட்டம் வைத்திருக்கிற குடும்பம்தான். தோட்டத்துக் கிணற்று மேட்டில் அவர்களுக்கும் ஏழு கல் இருப்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கன்னிமாருக்குன்னு கேட்டு வந்தா எப்படிங்க இல்லைங்கறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். லாரி கிடைத்தது. ஆட்களும் மதியம் வரைக்கும் கிடைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடு செய்கிறோம் என்று ராசாத்தி வாக்குக் கொடுத்த பிறகு. அறிவியல் பேசி நான் திறக்க முடியாத கதவு அது. அதற்காக நான் வருத்தப்படவில்லை, டீயைக் குடித்து முடித்தேன்.

வெளியே வரும்போது இன்னொரு கவலை பிடித்தது. இந்தக் கோடையில் பாதி வளர்ந்த ரோகு மீனை யார் வாங்குவார்கள்? நம் ஊர்க்காரர்களுக்குக் கடல் மீன் வேண்டும், இல்லாவிட்டால் பல்லடத்துக் கோழி வேண்டும். குளத்து மீன் என்றால் மூக்கைச் சுளிப்பார்கள், அதுவும் சின்னதாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ராசாத்தி பதில் சொல்லாமல் தையல் லைனுக்குள் திரும்பிப் போய், ஒடிசாவிலிருந்து வந்து தைக்கிற பிகாஷ் என்பவரிடம் ஏதோ சொன்னாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டார். ரோகுவா, உயிரோடா என்று இந்தியில் கேட்டார். செய்தி அந்த வரிசை முழுக்க மெஷினுக்கு மெஷின் போவதைக் கண்ணால் பார்த்தேன். குளத்து மீனைச் சாப்பிட்டு வளர்ந்து, ஊரை விட்டு வந்த நாளிலிருந்து ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஜனம் அது.

லாரி கரைமேல் ஏறி வந்தது. மாரப்பன் குளித்து, வேட்டி மாற்றி, குடத்தோடு நின்றிருந்தார். டிரைவர் எதற்கென்று புரியாமலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்தார். முதல் குடம் பிடித்து ஏழு கல்லுக்கும் ஊற்றினார் மாரப்பன். கொஞ்சம் கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தார். கொஞ்சம் உப்புத்தானுங்க, பொறுத்துக்குவாங்க என்று எங்களிடம் சொன்னார். மீதித் தண்ணீர் குளத்துக்குள் போனது. போன இடம் ஈரமானது, வேறு மாற்றம் எதுவும் தெரியவில்லை. குளம் மரியாதைக்கு ஏற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வலை இறங்கியது. தன் தம்பி போன அன்று பிடித்திருந்த அதே முனையை மாரப்பன் பிடித்துக்கொண்டார். வலை நெருங்க நெருங்க மீன் துள்ளியது, எல்லாரும் மீனைப் பார்த்தார்கள். அவர் மட்டும் ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது ஓர் அடி உள்ளே தள்ளிப் போனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடைசி ஆள் கரையேறும் வரைக்கும் அவர் முனையை விடவில்லை. விட்ட பிறகும் கரையில் நின்றவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். ராசாத்தி துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

மீன் தண்ணீர் ட்ரம்மில் ஏறிக் கம்பெனி வேனில் ஹாஸ்டலுக்குப் போனது. வேன் வாசலைத் தொடுவதற்குள் பக்கெட்டும் குண்டானுமாக வரிசை நின்றதாம். அந்த மாத மெஸ் சாம்பாரைப் பற்றிப் பிகாஷ் என்ன சொன்னார் என்பதை மெஸ் காண்ட்ராக்டரின் மனம் நோகாமல் இருக்க நான் எழுதவில்லை.

அடுத்த விடியலில் போய்ப் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வாய்கள். அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு பெரிய பிடிப்புக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் கரையோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். ஹாஸ்டல் வாங்கிக்கொண்டது. உள்ளே மிஞ்சியவை மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தன. மாரப்பன் முதலில் இதையெல்லாம் சின்னத்தனம் என்று முணுமுணுத்தார். அடுத்த வருடத்திலிருந்து, வெயில் ஏறியதும் லாரிக்காரருக்குப் போன் போட்டுப் புதுத் தண்ணி எப்பங்க வரும் என்று விசாரிப்பது அவர்தான்.

முதல் லாரித் தண்ணீர் வந்த அந்த வருடம் மழை ஆடியிலும் வரவில்லை. ஊர் மறந்துபோன பிறகு ஒரு சாயங்காலம் வந்து மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் போனது. மறுநாள் காலையில் நான் போனபோது ஓடையிலிருந்து செந்தண்ணீர் குளத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ராசாத்தி ஷிப்டுக்குப் போயிருந்தாள். மாரப்பன் மட்டும் தண்ணீர் விழுகிற இடத்தில் முழங்கால் நனைய நின்றிருந்தார். அவர் காலுக்குப் பக்கத்தில், வருகிற தண்ணீரை எதிர்த்து ஏறி ஏறி மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. முந்தின வருடம் மழையில் அவர் உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு ஞாபகம் வந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"பாருங்க அம்மிணி. இந்த வருசம் மழை வந்தா வாங்கன்னு ஓடிவந்து கூப்புடறதுக்கு உள்ள ஆளு இருக்குதுங்க."

டிரான்ஸ்பருக்கு எழுதிப் போடுவதாக இருந்தால் எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. ஒரு மழை வரைக்கும் இருந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.